தர்மபுரியிலிருந்து அங்கோர் வரை: இரண்டு மாணவர்கள், நான்கு நாடுகள், ஒரு முழு வழிகாட்டி

கல்லூரி விடுமுறையில் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, நண்பனோடு தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா என்று சுற்றிவிட்டு வருவது தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மாணவர்களுக்கு எட்டாத காரியம் இல்லை. பாலக்கோட்டுக்காரனான நானும், காவேரிப்பட்டணத்திலிருந்து வந்து என்னோடு படித்த நண்பனும் போய் வந்தோம். அதிலிருந்து ஜூனியர் தம்பி தங்கைகள் கேட்காத கேள்வி இல்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. எல்லை தாண்டும் நாட்களை மட்டும் மணிக்கணக்கில் திட்டமிடுங்கள். நடுவில் இருக்கும் நாட்களைத் திறந்து விடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எந்தக் கோவிலுக்கு எத்தனை மணி என்று அட்டவணை போட்டுவிட்டு, எல்லைக்கு மட்டும் "பஸ்ஸில் போகணும்" என்று ஒரு வரி எழுதி வைப்பார்கள். ஆனால் பணம் கரைவது, தரகரிடம் சிக்குவது, நண்பர்களுக்குள் சண்டை வருவது எல்லாம் பெரும்பாலும் அந்த எல்லை நாளில்தான்.

எந்த வரிசையில் போவது

பாங்காக்கில் இறங்கி, ரயிலில் வடகிழக்கே நோங் காய் போய், மீகாங் ஆற்றைத் தாண்டி லாவோஸ். அங்கிருந்து வியட்நாமின் வடக்கில் ஹனோய். வியட்நாமை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து சைகோன் என்கிற ஹோ சி மின் நகரம். அங்கிருந்து பஸ்ஸில் கம்போடியா. கடைசியாக, அங்கோர் கோவில்கள் இருக்கும் சியம் ரீப்பிலிருந்து விமானத்தில் கோலாலம்பூர் வழியாகத் திரும்புவது. ஒரே திசையில் ஒரு வளையம், போன வழியில் திரும்ப வேண்டாம்.

பழைய பயணக் குறிப்புகள் பாங்காக்கிலிருந்து நேராக கம்போடியாவுக்கு பஸ் பிடிக்கச் சொல்லும். அதை நம்பிக் கிளம்பாதீர்கள். 2025 ஜூனில் தாய்லாந்து–கம்போடியா தரை எல்லையில் பயணிகள் போக்குவரத்து நின்றுபோனது. அந்த ஜூலையிலும் டிசம்பரிலும் இரண்டு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டன. அந்த எல்லைப் பகுதியைத் தொடாத வழியாகத்தான் மேலே சொன்ன வளையத்தை அமைத்திருக்கிறேன்.

நான்கு வாரம் இருந்தால் தாய்லாந்துக்கு 5 நாள், லாவோஸுக்கு 7, வியட்நாமுக்கு 11, கம்போடியாவுக்கு 5 என்று பிரிக்கலாம். இரண்டு வாரம்தான் கிடைக்கும் என்றால் தாய்லாந்தும் லாவோஸும் மட்டும் போதும். நான்கு நாட்டு முத்திரையும் பாஸ்போர்ட்டில் விழ வேண்டும் என்று ஓடினால் பஸ் ஜன்னலைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது.

காலம் என்றால் டிசம்பரும் ஜனவரி முதல் பாதியும்தான். பெரும்பாலான இடங்களில் மழை ஓய்ந்திருக்கும், செமஸ்டர் விடுமுறையும் ஒத்துவரும். அக்டோபர், நவம்பரில் மத்திய வியட்நாமின் ஹுவே, ஹோய் ஆன் பக்கம் வெள்ளம் வரும். மார்ச், ஏப்ரலில் வடக்கு லாவோஸில் காடு எரிக்கும் புகை கண்ணை மறைக்கும். ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவே வரும் வியட்நாமியப் புத்தாண்டை ஒட்டி ரயில் சீட்டு கிடைப்பது கஷ்டம். டிசம்பரில் போகும்போது ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி விடியலில் அடிக்கிற குளிரை நினைத்துக்கொள்ளுங்கள், லாவோஸின் வடக்கே லுவாங் பிரபாங்கின் காலையும் ஹனோயின் இரவும் அப்படித்தான் இருக்கும்.

பாஸ்போர்ட், அப்புறம் உங்கள் இனிஷியல்

பயணத்துக்கு நான்கு மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. இணையத்தில் விண்ணப்பித்து, பாஸ்போர்ட் சேவை மையத்திலோ அஞ்சலகத்தில் நடக்கும் சேவை மையத்திலோ நேரம் வாங்கிக்கொள்ளலாம். சென்னையிலோ கோவையிலோ விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் ஊர் முகவரியைக் கொடுப்பதே சுலபம். ஆனால் போலீஸ் விசாரணை வரும் வாரம் ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை மறக்காமல் சேருங்கள். பத்தாவது தேறியவர்களுக்கு வெளிநாட்டு வேலைக்கான குடியேற்ற அனுமதி தேவையில்லாத வகையில் பாஸ்போர்ட் வரும். சுற்றுலாவுக்கு அந்த அனுமதி யாருக்கும் தேவை இல்லைதான். ஆனாலும் இளைஞர்களை விமான நிலையத்தில் கேள்வி கேட்கும்போது இந்த வகை பாஸ்போர்ட் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

இனி, நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல். மதிப்பெண் சான்றிதழில் முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால் இனிஷியல், வங்கிக் கணக்கில் இனிஷியலே இருக்காது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, அதை விரித்து எழுத வேண்டும். என் கருத்தில், அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டுவிடுவதே நல்லது. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் பின்னால் ஒவ்வொரு விமான டிக்கெட்டிலும், ஒவ்வொரு மின்விசாப் படிவத்திலும் "இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது" என்று நிற்கும். ஒற்றைப் பெயருக்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு முறை வைத்திருக்கிறது. ஏற்கெனவே அப்படிப் பாஸ்போர்ட் வாங்கியிருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிட்டு நிரப்புங்கள். விசாப் படிவத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே எழுத்தில், அதே வரிசையில் இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் எல்லையில் திருப்பி அனுப்பலாம்.

பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், பயணம் முடியும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா, நான்கைந்து வெற்றுப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். லாவோஸ் விசா ஒட்டினால் ஒரு முழுப் பக்கம் போய்விடும்.

விசா: நாடு நாடாக

தாய்லாந்து இந்தியர்களுக்கு 2024 ஜூலை 15 முதல் விசா இல்லாமல் 60 நாள் அனுமதி கொடுத்தது. இந்த மாதிரிச் சலுகைகளின் நாள் கணக்கு மாறக்கூடியது. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இலவசமாக நிரப்பலாம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

லாவோஸுக்கு எல்லையிலேயே விசா வாங்கலாம். 40 முதல் 50 டாலருக்குள் ஆகும். பாஸ்போர்ட் அளவு புகைப்படமும் புதிய டாலர் நோட்டும் கையில் இருக்கட்டும்.

வியட்நாமுக்குக் கிளம்பும் முன்பே மின்விசா எடுத்தாக வேண்டும். ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறைக்கு 50 டாலர். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை கேட்கலாம். இங்கே இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, எந்த எல்லை வழியாக நுழைவீர்கள் என்று படிவத்தில் கேட்கும். ஹனோய் விமான நிலையம் என்று எழுதிவிட்டு மலை எல்லையில் பஸ்ஸில் போய் நின்றால் சிக்கல். இரண்டு, விசா தொடங்கும் தேதிக்கு ஒரு நாள் முன்னால் போனாலும் உள்ளே விட மாட்டார்கள். அதனால் நீங்கள் போக நினைக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே விசா தொடங்கும்படியும், ரொம்பத் தள்ளி முடியும்படியும் தேதி கொடுங்கள். அப்போது லாவோஸில் இரண்டு நாள் கூட இருக்கத் தோன்றினாலும், சீக்கிரம் கிளம்பத் தோன்றினாலும் பயமில்லை. நடுநாட்களைத் திறந்து விடுங்கள் என்று நான் சொன்னது நடப்பதற்கு இந்த ஒரு ஏற்பாடுதான் முக்கியமான காரணம்.

கம்போடியாவுக்கும் மின்விசா, சுமார் 30 டாலர். எல்லையிலும் கிடைக்கும், ஆனால் முன்பே எடுத்துவிடுங்கள். காரணத்தை அந்த எல்லை வரும்போது சொல்கிறேன். திரும்பும் வழியில் மலேசியா இருப்பதால், அங்கே இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் இருக்கும் 30 நாள் விசா விலக்கு இன்னும் நீள்கிறதா என்பதையும் பார்த்து, அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டையையும் நிரப்புங்கள்.

எல்லா மின்விசாவுக்கும் ஒரே எச்சரிக்கை: தேடினால் முதலில் வந்து நிற்பவற்றில் விளம்பரம் கொடுத்த இடைத்தரகர் தளங்கள் நிறைய. அரசுத் தளத்தின் முகவரியைத் தூதரகப் பக்கத்திலிருந்து எடுங்கள்.

பணம்

மாணவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. நாங்கள் போட்ட கணக்கு இப்படி இருந்தது: விமானம் தவிர ஒரு நாளைக்கு ஆளுக்கு 2,000 முதல் 2,500 ரூபாய். பொது அறையில் ஒரு கட்டில், தெருக்கடைச் சாப்பாடு, பஸ், ரயில், நுழைவுச் சீட்டு எல்லாம் அதற்குள் அடங்கும். விமானம், விசா, காப்பீடு சேர்த்தால் நான்கு வாரத்துக்கு ஆளுக்கு ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். அவ்வளவு சேராவிட்டால் கடன் வாங்கிப் போகாதீர்கள். இரண்டு நாடாகக் குறைத்தால் செலவு ஏறக்குறைய பாதியாகும், அனுபவம் பாதியாகாது.

ஆளுக்கு 400, 500 டாலர் நோட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். உரிமம் பெற்ற அன்னியச் செலாவணிக் கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கிழிசல், மைக்கறை, மடிப்பில் வெடிப்பு இருந்தால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள். கம்போடியாவில் டாலர் அன்றாடம் புழங்கும், ஆனால் ஒரு சின்னக் கிழிசலுக்கும் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

மீதிக்கு டெபிட் கார்டு. 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே திறக்க வேண்டும். அதை ஊரில் இருக்கும்போதே செய்யுங்கள். ஓடிபி வருவதற்காக இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங்கையும் திறந்து வையுங்கள். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு முறைக்கு 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள். அதனால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் ஒரே தடவை எடுத்து இருவரும் பிரித்துக்கொள்ளுங்கள்.

வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீல நிறம். இரவில், அவசரத்தில், டாக்ஸிக்காரரிடம் இரண்டும் ஒன்றாகத் தெரியும். 5,00,000 நோட்டுகளைத் தனி உறையில் வையுங்கள்.

இனி நண்பர்களுக்கு நடுவே. ஒரு பொதுப் பை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இருவரும் சமமாகப் போட வேண்டும், அறை, வண்டி, சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. தனக்கு மட்டும் வாங்குவது தன் பையிலிருந்து. நாங்கள் இரவில் படுக்கும் முன் ஒரு நோட்டில் கணக்கு எழுதிவிடுவோம். "பரவாயில்லடா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான் நட்பைக் கெடுக்கும் சொல்.

வீட்டில் சொல்வது, குடியேற்ற அதிகாரியிடம் சொல்வது

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

"டேட்டா என்ட்ரி வேலை, மாதம் இவ்வளவு, பாங்காக்கில் இறங்கினால் போதும்" என்று அழைத்துப் போய், மியான்மர், கம்போடியா, லாவோஸில் இருக்கும் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைக்கும் கும்பல்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு இளைஞர்களும் அதில் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பயணத்தில் யாராவது வேலை, கமிஷன், "ஒரு பார்சலை மட்டும் கொண்டுபோய்க் கொடு" என்று பேசினால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் சரி, நம் மொழியே பேசினாலும் சரி.

இதனால்தான் இளைஞர்கள் இரண்டு பேர் தாய்லாந்து போகிறோம் என்றால் பெங்களூரு விமான நிலையத்தில் அதிகாரி கூடுதலாக நாலு கேள்வி கேட்பார். அது அவர் கடமை, நம் நல்லதுக்கும்தான். கல்லூரி அடையாள அட்டை, கல்லூரியில் வாங்கிய படிப்புச் சான்று, திரும்பும் டிக்கெட், முதல் மூன்று இரவுக்கான அறைப் பதிவு, வங்கி இருப்பு, வியட்நாம், கம்போடியா மின்விசா எல்லாவற்றையும் அச்சிட்டு ஒரு கோப்பில் வையுங்கள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். தாய்லாந்தில் இறங்கியதும் ஆளுக்கு 20,000 பாட் அளவுக்குப் பணம் காட்டச் சொல்லலாம். இருவரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒருவரிடமே எல்லாவற்றையும் கொடுத்து வைக்காதீர்கள்.

வீட்டுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். தமிழில், பெரிய எழுத்தில். எந்தத் தேதிக்கு எந்த நாடு, எந்த நாளில் எல்லை தாண்டுகிறோம், நண்பனின் வீட்டு எண், பாங்காக், வியன்டியான், ஹனோய், நோம் பென் இந்தியத் தூதரகங்களின் எண்கள். எல்லை நாளன்று கடந்து முடித்ததும் போன் செய்வோம் என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். எங்கள் அம்மா அந்தத் தாளைச் சாமி அலமாரியில் ஒட்டி வைத்திருந்தார். தினமும் அழைக்க வேண்டிய தேவையே வரவில்லை, எந்த நாளுக்குக் கவலைப்படணும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

பை, காப்பீடு, மருந்து

மலிவு விமானங்களில் கையில் எடுத்துப்போக 7 கிலோதான். 35 முதல் 40 லிட்டர் பையில் அதற்குள் அடக்கப் பாருங்கள். மூன்று செட் துணி போதும், கிலோ கணக்கில் துவைத்துக் கொடுக்கும் கடை எங்கும் உண்டு. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஓஆர்எஸ், பாராசிட்டமால், கொசு மருந்து, உங்கள் வழக்கமான மாத்திரை அதன் சீட்டோடு.

காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள். நான்கு நாட்டின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பைக். வாடகை பைக் எல்லா ஊரிலும் கிடைக்கும், பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் போதும் என்பார்கள். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ் வருவது. தாய்லாந்தில் அது செல்லும். வியட்நாம் 1968-ஆம் ஆண்டு உடன்படிக்கையை மட்டும் ஏற்பதால் அங்கே செல்லாது. செல்லாத உரிமத்தோடு விழுந்தால் காப்பீடும் கைவிட்டுவிடும். தொப்பூர் கணவாயில் ஓட்டிப் பழகியவன் என்ற தைரியம் அங்கே உதவாது. வியட்நாமில் பைக் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஊரிலிருந்து பாங்காக்

கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை. தர்மபுரிக்கு இருந்தாலும் விமானத்துக்கு பஸ்தான் வசதி. ஓசூர் வழியாகப் போகும் பெங்களூரு பஸ்ஸில் எலக்ட்ரானிக் சிட்டியிலோ சில்க் போர்டிலோ இறங்கினால், விமான நிலையம் போகும் வாயு வஜ்ரா பஸ் கிடைக்கும். விமான நிலையம் நகரத்தின் மறுகோடியில், தேவனஹள்ளியில் இருக்கிறது. தர்மபுரியிலிருந்து என்றால் விமான நேரத்துக்கு ஒன்பது மணி நேரம் முன்பே பஸ் ஏறிவிடுங்கள்.

விமான கவுண்டரில் தாய்லாந்தை விட்டு வெளியேறும் டிக்கெட்டைக் கேட்பார்கள். சியம் ரீப்பிலிருந்து திரும்பும் டிக்கெட்டோடு, பாங்காக்–நோங் காய் ரயில் சீட்டையும் காட்டுங்கள்.

பாங்காக்கில் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கினால் நகர ரயிலில் பாயா தாய் வரை 45 பாட். டான் முவாங்கில் இறங்கினால் சிவப்பு வழி ரயில். அரண்மனை, வாட் போ எல்லாம் எந்தப் பட்டியலிலும் கிடைக்கும், அதை விடுகிறேன். சிலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோவிலுக்கு ஒரு மாலை போய் வாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோவில் அது. தாய்லாந்து மக்கள் சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது, நமக்கு முன்னால் எத்தனை பேர் இந்த வழியில் வந்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

முதல் எல்லை: மீகாங் பாலம்

பாங்காக்கின் கிருங் தேப் அபிவாட் நிலையத்திலிருந்து இரவு ரயில். 2023 ஜனவரியிலிருந்து பெரும்பாலான நீண்டதூர ரயில்கள் இங்கிருந்துதான், பழைய ஹுவா லாம்போங்குக்குப் போய் நிற்காதீர்கள். படுக்கை வசதியுள்ள இரண்டாம் வகுப்பு எடுங்கள். 2024 ஜூலை முதல் லாவோஸ் தலைநகர் வியன்டியான் வரையே போகும் ரயிலும் இருக்கிறது. ஆனாலும் முதல் முறை போகிறவர்கள் நோங் காயில் இறங்கி நட்புப் பாலம் வழியாகப் போவதையே நான் சொல்வேன். 1994-இல் திறந்த பாலம், எல்லா வேலையும் ஒரு ஒழுங்கில் நடக்கிறது.

நிலையத்திலிருந்து எல்லைச்சாவடிக்கு ஆட்டோ. வழியில் "விசா அலுவலகம்" என்று ஒரு கடையில் நிறுத்தினால் இறங்காதீர்கள், "நேராக பாலம்" என்று மட்டும் சொல்லுங்கள். தாய்லாந்து வெளியேறும் முத்திரை, பாலத்தைக் கடக்கும் பஸ், லாவோஸ் விசா கவுண்டர், படிவம், டாலர், முத்திரை. அவ்வளவுதான். முத்திரையில் தேதியைச் சரிபார்த்துவிட்டு நகருங்கள். காலையிலேயே போய்விட்டால் மதியத்துக்குள் வியன்டியானில் அறை எடுத்துவிடலாம்.

லாவோஸுக்குள் சீன–லாவோஸ் ரயில். 2021 டிசம்பர் 3-இல் தொடங்கியது. வியன்டியானிலிருந்து வாங் வியங் ஒரு மணி நேரம், லுவாங் பிரபாங் சுமார் இரண்டு மணி நேரம். மலைப் பாதையில் பஸ்ஸில் ஒரு நாள் முழுக்கப் போன தூரம் அது. சீட்டு சில நாள் முன்புதான் விற்பனைக்கு வரும், சீக்கிரம் தீரும், பாஸ்போர்ட் வேண்டும். நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். ஸ்ப்ரே டப்பா, கத்தி இருந்தால் எடுத்துக்கொள்வார்கள்.

வாங் வியங்கில் ஆறும் சுண்ணாம்புக் குன்றுகளும் அழகு. ஆனால் 2024 நவம்பரில் அங்கே மெத்தனால் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். இலவசமாகக் கொடுக்கும் மதுவைத் தொடாதீர்கள்.

லுவாங் பிரபாங்தான் இந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஊர். 1995-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. குவாங் சி அருவிக்கு ஒரு நாள். விடியலில் பிக்குகள் வரிசையாகப் பிச்சை ஏற்கும் சடங்கைத் தெருவின் மறுபக்கம் நின்று, ஃபிளாஷ் இல்லாமல், அமைதியாகப் பாருங்கள். கிராமப்புறத்தில் நடக்கும்போது பாதையை விட்டு விலகாதீர்கள். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா லாவோஸ் மீது 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணில் கிடக்கின்றன.

இரண்டாவது எல்லை: ஹனோய்க்கு

லுவாங் பிரபாங்கிலிருந்து ஹனோய்க்குப் படுக்கை பஸ் ஏறக்குறைய 24 மணி நேரம், விமானம் சுமார் ஒரு மணி நேரம். எல்லா இடத்துக்கும் தரைவழியாகவே போவோம் என்ற எண்ணத்தை இங்கே மட்டும் விட்டுவிடலாம் என்பேன். டிசம்பர் பனிமூட்டத்தில் இரவில் அந்த மலைப்பாதை உடம்புக்கும் மனசுக்கும் கஷ்டம். டிக்கெட் விலை கட்டுப்படியானால் விமானம். பஸ்தான் என்றால், அது எந்த எல்லையைத் தாண்டும் என்று பஸ் நிறுவனத்தில் கேட்டு, மின்விசாவில் அதே எல்லையைப் போடுங்கள்.

லாவோஸை விட்டுக் கிளம்பும் முன் கையில் இருக்கும் அந்த நாட்டுப் பணமான கிப் நோட்டை எல்லாம் செலவழியுங்கள் அல்லது மாற்றுங்கள். வெளியே அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

வியட்நாம்: ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு

ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை. இதுதான் உங்கள் முதுகெலும்பு. முழுதும் ஒரே மூச்சில் போனால் ஒன்றரை நாள் ஆகும். அப்படிப் போகாமல் நின்று நின்று போங்கள். ஹனோயை ஒட்டி நின் பின், பிறகு இரவு ரயிலில் ஹுவே. ஹுவேயிலிருந்து டா நாங் வரை பகலில்தான் போக வேண்டும். ஹை வான் கணவாயில் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல். போகும் திசைக்கு இடது பக்க ஜன்னல் கிடைத்தால் கடல் உங்களுக்கு.

டா நாங்கிலிருந்து ஹோய் ஆன், அங்கிருந்து மி சன். மி சன்னைத் தவற விடாதீர்கள் என்று தமிழ் மாணவர்களிடம் குறிப்பாகச் சொல்கிறேன். நான்காம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை சாம்பா அரசர்கள் கட்டிய செங்கல் சிவன் கோவில்கள். காட்டுக்கு நடுவே லிங்கமும் ஆவுடையும் மழையில் நனைந்துகொண்டு நிற்கின்றன. பல கோவில்கள் 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் இடிந்தன. காலை முதல் வண்டியில் போனால் கூட்டம் வரும் முன் பார்க்கலாம். டா நாங்கில் உள்ள சாம் சிற்ப அருங்காட்சியகத்தை அதற்கு முந்தைய நாள் பார்த்துவிட்டுப் போனால் அங்கே நிற்பது இன்னும் நன்றாகப் புரியும். ஒரு முழு நாளைத் தாராளமாகக் கொடுங்கள்.

சைகோனில் போர் நினைவு அருங்காட்சியகம், அப்புறம் நகரின் நடுவே தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோவில். அது போதும்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு: மீன் சாறு எல்லாவற்றிலும் இருக்கும். தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளும், வியட்நாமில் "சாய்" என்று பலகை வைத்த கடைகளும் சுத்த சைவம். லாவோஸில் ஒட்டு அரிசிச் சோறும் பழமும் காப்பாற்றும். வீட்டிலிருந்து ஒரு டப்பா பருப்புப் பொடி கொண்டுபோங்கள், வெறும் சோறு எங்கும் கிடைக்கும்.

மூன்றாவது எல்லை: மோக் பாய், பவெட்

சைகோனிலிருந்து நோம் பென்னுக்கு பஸ் ஆறேழு மணி நேரம். வியட்நாம் பக்கம் மோக் பாய், கம்போடியா பக்கம் பவெட். பஸ் உதவியாளர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு, விசாவுக்கு என்று அரசுக் கட்டணத்துக்கு மேல் சில டாலர் கேட்பது வழக்கம். அச்சிட்ட மின்விசா கையில் இருந்தால் அந்தப் பேச்சே வராது. பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுக்க நேர்ந்தால் கண்ணில் படும் தூரத்திலேயே இருங்கள். பவெட்டில் சூதாட்ட விடுதிகள் வரிசையாக இருக்கும். அங்கே இறங்கிச் சுற்ற எதுவும் இல்லை, நேராகப் போய்விடுங்கள்.

நோம் பென்னில் துவோல் ஸ்லெங், ஒரு பள்ளிக்கூடம் சிறையாக்கப்பட்ட இடம். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் நடந்த கொடுமைகளை அறை அறையாகப் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்துவிட்டு அன்று வேறு திட்டம் வைக்காதீர்கள்.

சியம் ரீப்புக்கு மறுபடி ஆறு மணி நேர பஸ். அங்கோர் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் சீட்டை எடுங்கள். இரண்டாம் சூரியவர்மன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் விஷ்ணுவுக்குக் கட்டிய அங்கோர் வாட்டின் சுவர்களில் பாற்கடல் கடைவதைச் செதுக்கியிருக்கிறார்கள். பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு வழிகாட்டியே தேவைப்படாது. இரண்டு பேருக்கு ஒரு டுக் டுக் பேசிக்கொண்டால் நாள் முழுக்கச் சுற்றலாம், சைக்கிள் இன்னும் நல்லது. முட்டிக்கு மேல் உடையோ கையில்லாத சட்டையோ போட்டால் மேல் தளத்துக்கு விட மாட்டார்கள்.

இருவர் போகிறோம் என்பதை மறக்காமல்

கிளம்பும் முன் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். ஆளுக்கு மூன்று இடம், "இதைப் பார்க்காமல் வர மாட்டேன்" என்று சொல்லும் உரிமை. மற்ற எல்லாம் பேசித் தீர்ப்பது. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் காத்திருக்க வேண்டும், அதற்குத்தான் நடுநாட்களைத் திறந்து வைத்தோம். வாரத்துக்கு ஒரு நாள் தனித்தனியாகச் சுற்றுங்கள், இரவில் சந்தித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரின் பாஸ்போர்ட் நகலும் இரண்டு பேரிடமும் இருக்கட்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர் போலீஸ் புகார், அப்புறம் அந்தப் புகார்த் தாளோடு இந்தியத் தூதரகம். பெண்கள் இருவர் போனால், பெண்களுக்கு மட்டுமான பொது அறை பெரும்பாலான விடுதிகளில் உண்டு. பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

திரும்பும் நாள்

சியம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது, ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். விடிகாலை விமானம் என்றால் முதல் நாளே வண்டி சொல்லிவிடுங்கள். கோலாலம்பூர் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து பெங்களூருக்கு இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்திருந்தால், மலேசியக் குடியேற்றத்தைக் கடந்து மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் விடுங்கள்.

அந்த ஆறு மணி நேரத்தில் கணக்கு நோட்டை எடுத்து, பொதுப் பையில் மிச்சம் இருப்பதைப் பிரித்து, யார் யாருக்கு எவ்வளவு என்று அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கார்டில் பிடித்த கட்டணங்கள் வங்கிக் கணக்கில் ஒரு வாரம் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். அதை மட்டும் தேதி போட்டு, ஊருக்குப் போய் ஒரு முறை சரிபார்த்தால் போதும்.